பேனரில் வந்த சிவப்பு அண்ணி

சிலர் கையில் செல்போனைக் கொடுக்கவே கூடாது. அந்தச் சிலரில் முதல் ஆள் நான். இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் அண்ணி காட்டூரில் மாவுக் கடை திறந்தார். பத்து வருஷமாக வீட்டிலேயே கிரைண்டர் போட்டுத் தெருவுக்கே இட்லி மாவு ஆட்டிக் கொடுத்தவர். முதன்முதலாகத் தனக்கென்று ஒரு கடை. வாசலில் தன் படம் போட்டு ஒரு பேனர் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"நான் பாத்துக்கறேன் அண்ணி!" என்று குதித்தேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை.)

கிரைண்டர் பக்கத்தில், மாவுக் கரண்டியோடு வாய் நிறையச் சிரிக்கும் படம். ஒரே குறை, ட்யூப்லைட் பின்னால் இருந்ததால் முகத்தில் வெளிச்சம் இல்லை. படம் திருத்தும் ஏ.ஐ. ஆப்பில் ஏற்றி, "முகத்தில் வெளிச்சத்தைக் கூட்டு" என்றேன். கூட்டியது. பிரமாதமாக இருந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் மனுஷன்.

"இன்னும் அழகாக்கு" என்றேன். "அருமையான யோசனை!" என்றது ஆப். "இன்னும் ரிச்சா" என்றேன். அதுவும் அருமையான யோசனையாம். "கடை முதலாளி மாதிரி தெரியணும்" என்றேன். மறுபடி அருமை! (எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.) எதையெல்லாம் தொடக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் படத்துக்குத் திரும்பிப் போகாமல், அது திருத்தியதையே மறுபடி மறுபடி திருத்தக் கொடுத்தேன். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி அண்ணி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனார். உள்ளங்கை அளவுத் திரையில் ஒரு பார்வை பார்த்துவிட்டு பிரிண்டுக்கு அனுப்பினேன்.

திறப்பு விழா அன்று காலை, பேனரைச் சுருட்டி வண்டியில் வைத்து, ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஏதோ தேர் இழுத்துப் போகிற பெருமையில் போனேன். அண்ணி உள்ளே வேலையாக இருக்கும்போதே கட்டிவிட்டேன். எட்டடி உயரத்தில் ஒரு பெண்மணி. பால் நிறம், எடுப்பான மூக்கு. கரண்டி ஏதோ மைக் மாதிரி ஆகியிருந்தது.

துறையூர் உளுந்து வியாபாரி முதல் மூட்டையோடு வந்து இறங்கினார். பேனரை அண்ணாந்து பார்த்தார். கையில் மாவோடு வெளியே வந்த அண்ணியைப் பார்த்தார்.

"ஏம்மா, ஓனரம்மா இன்னும் வரலையா? கொஞ்சம் கூப்பிடு. மூட்டைய எங்க எறக்கறதுன்னு கேக்கணும்."

அண்ணி திரும்பி, அப்போதுதான் பேனரைப் பார்த்தார்.

"யாருங்க தம்பி இவங்க?"

"நீங்கதான் அண்ணி."

அண்ணி பின்னாலேயே வந்த அண்ணன் சிரித்துவிட்டான். அண்ணி பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

"நான் கறுப்புதான். இந்த மூஞ்சியப் பாத்துதான் இத்தனை வருஷமா இந்தத் தெரு மாவு வாங்குது. முதலாளின்னா செவப்பா இருக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"நான் சொல்லலை அண்ணி. அதுவா பண்ணிடுச்சு."

"சரி, அது பண்ணுச்சு. பாத்துட்டு, நல்லாருக்குன்னு கொண்டாந்து கட்டுனது யாரு?"

கட்டியது நான்தான். பார்த்தபோது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆப் மேல் எவ்வளவு எரிந்து விழுந்தாலும், கோபம் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான்.

பேனரை நானே கழற்றினேன். அன்று மதியமே பழைய படத்தை எடுத்து, பத்திரம் எழுதுகிற மாதிரி எழுதினேன்: "முகத்தில் வெளிச்சம் மட்டும் கூட்டு. நிறம், மூக்கு, மூக்குத்தி, சிரிப்பு எதையும் மாற்றாதே." அண்ணி பக்கத்தில் நின்று, இரண்டு படத்தையும் பெரிதாக்கி, மூக்குத்திக் கல் வரை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தலையசைத்தார். மறுநாள் வந்த பேனர் இன்றும் வாசலில் இருக்கிறது. வியாபாரம் அமோகம்.

ஆனால் எனக்கு விடுதலை இல்லை. அண்ணி வீட்டில் இரண்டாவது காபி கேட்டால், அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"என்னைக் கேக்காதீங்க தம்பி. உங்க செவப்பு அண்ணியக் கேளுங்க. அவங்களுக்கு ஒரு கையில ஏழு விரல், சட்டுனு போட்டுக் கொடுத்துடுவாங்க!"

(பேனரில் இருந்த விரல்களை நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.)