சிவப்பு யார் மனதையும் புண்படுத்தக் கூடாது

நூறு பேர் எழுதும் நிரல்களைச் சேர்த்து ஒரே மென்பொருளாக்குவதற்கு அந்த அலுவலகத்தில் 'பில்ட்' என்று பெயர். சரியாகச் சேர்ந்தால் சுவர்த் திரையில் பச்சை எரியும். சொதப்பினால் சிவப்பு, பக்கத்திலேயே சொதப்பியவர் பெயர். இந்தத் திரையை உருவாக்கியவரை எல்லோரும் விளக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. திரையைப் பார்க்கும் ஊழியர்களின் 'பயனர் திருப்தி' தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டால் நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

கருத்துப் படிவம் சுற்றுக்கு விடப்பட்டது. திருப்தி, பன்னிரண்டு சதவீதம்.

"என்ன குறையாம்?" என்றார் மேலாளர்.

"பேர் போடுறது மானத்தை வாங்குதாம் சார். சிவப்பு மனசைப் புண்படுத்துதாம்."

"பயனர் சொன்னா வேதவாக்கு. பேரை எடுத்துடுங்க."

பெயர் போனது, திருப்தி நாற்பதானது. சிவப்பு, ரோஜா நிறமானது; அறுபது. 'தோல்வி' என்ற சொல் 'வெற்றிக்கு முந்தைய நிலை' எனத் திருத்தியமைக்கப்பட்டது, எழுபத்தைந்து. இறுதியாக, மேற்படி ரோஜா நிறத்தையும் பச்சையாக்க உத்தரவாயிற்று.

"அப்புறம் பில்ட் கெட்டுப்போனா எப்படி சார் தெரியும்?"

"மென்பொருளை வாங்கினவங்க ஃபோன் பண்ணுவாங்கல்ல?"

விளக்கக்காவுக்கு வேலை வேண்டுமே! பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினார். அவரும் திரையைப் பார்ப்பவர்தானே, அவருக்கும் ஒரு படிவம் வந்தது. பெயர் கேட்காத படிவம். 'எல்லாமே பச்சை என்றால் திரை எதற்கு?' என்று எழுதிப் போட்டுவிட்டார்.

தொண்ணூற்றொன்பது சதவீதம்! வேலை நிரந்தரமானது. மேலாளருக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"அந்த ஒரு ஆள் யாருன்னு கண்டுபிடிங்க. விசாரணைக் குழுத் தலைவர் நீங்கதான்."

விளக்கக்கா கதிகலங்கிப்போய் ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்தார். முதலில் வந்தவர் அந்தப் படிவத்தைப் படித்துவிட்டு, கதவைச் சாத்திக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஆள் கிடைச்சா சொல்லுங்க, கையெடுத்துக் கும்பிடணும். என் மனசுல இருந்ததை அப்படியே எழுதியிருக்காங்க."

"நீங்க ஏன் முழு மார்க் போட்டீங்க?"

"பயம்தான்."

"பேர் கேட்காத படிவமாச்சே?"

"அதான் விசாரணை நடக்குதேக்கா!"

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். கடைசியாக மேலாளரே வந்து கதவைச் சாத்தினார்.

"நான் சொன்னேன்னு எழுதிடாதீங்க. அந்த ஆள் கேட்டது நியாயம்தான்."

அன்று மாலையே அறிக்கை போனது: 'தீர விசாரித்ததில், அதிருப்தியாளர் எவரும் இவ்வலுவலகத்தில் இல்லை என உறுதி செய்யப்படுகிறது.' நிரந்தர ஊழியராக விளக்கக்கா போட்ட முதல் கையெழுத்து அதில்தான்.