பூந்தேநீர் ஆய்வுக் குழு

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் மார்தட்டிக்கொள்ளக்கூடிய சாதனை, திட்ட அதிகாரி ஒருவரின் வீட்டில் நிகழ்ந்தது. அவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்ததே சாதனைதான் என்பவர்கள் பொறாமைக்காரர்கள்.

அவர் மனைவிக்குக் கொஞ்ச நாளாக நெஞ்சுப் படபடப்பு. "டீ, காபி ரெண்டையும் விட்டுடுங்கம்மா. உங்களுக்கு காஃபீன் ஆகாது" என்றார் டாக்டர். மனைவி தலையாட்டினாள். அதிகாரிதான் ஆடிப்போனார். கையில் சிக்கிய பிரச்சினையைத் திட்டமாக்காமல் விட்டு அவருக்குப் பழக்கமில்லை.

"கவலையை விடு. காஃபீனே இல்லாம, பூ வாசனையோட, வீட்டுலயே ஒரு டீ. எல்லாம் உனக்காக."

"வெந்நீர் குடிச்சுக்கறேங்க."

"வெந்நீருக்கு எதிர்காலம் கிடையாது."

அன்று மாலையே கூடத்தில் 'பூந்தேநீர் ஆய்வுக் குழு' கூடியது. தலைவர், அதிகாரி. வல்லுநர், மாடி வீட்டு ஓய்வுபெற்ற பொறியாளர். பாலம் கட்டியவருக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாமலா இருக்கும்? கல்லூரி மாணவியான மகள், பார்வையாளர். செயல் பிரிவு, மனைவி.

முதல் தீர்மானப்படி கடையிலிருந்து மல்லிகைத் தேநீர் தருவிக்கப்பட்டது. மகள் டப்பாவைத் திருப்பிப் படித்தாள்.

"அப்பா, இது சாதாரணத் தேயிலைதான். மல்லிகை வாசனை மட்டும் ஏத்தியிருக்காங்க. காஃபீன் அப்படியே இருக்கு."

"டீக்குள்ள டீயா?" பொறியாளர் திடுக்கிட்டார். "இதையெல்லாம் கேக்க ஆளே இல்லையா சார்?"

வன்மையாகக் கண்டித்ததில் குழு களைத்துப்போனது. மனைவி டீ போட்டாள். தலைவருக்கு ஸ்ட்ராங்காக, வல்லுநருக்குச் சர்க்கரை தூக்கலாக.

அடுத்த கூட்டம் தேயிலையை அறவே நீக்கிவிட்டு ரோஜாவைப் பரிந்துரைத்தது. பால்கனித் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்ந்த ரோஜாக்களைச் செயல் பிரிவு பறித்து, அலசி, நிழலில் உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டியது. தலைவர் கண்மூடி ஒரு வாய் அருந்தினார்.

"எப்படி சார் இருக்கு?" என்றார் பொறியாளர்.

"குளிச்ச மாதிரி இருக்கு."

விஷயம் சற்று ஆறப்போடப்பட்டது. ஆறிய பிறகு இன்னும் மோசமாக இருந்தது.

ரோஜா குறைக்கப்பட்டது. மல்லிகை சேர்க்கப்பட்டது. இரண்டும் கூட்டணி கண்டு, கொள்கை வேறுபாட்டால் பிரிந்தன. ஒவ்வொரு தோல்வியையும் விரிவாக அலச வேண்டியிருந்ததால் ஒவ்வொரு முறையும் டீ தேவைப்பட்டது. பொறியாளர் தம் மைத்துனரைச் 'சிறப்பு அழைப்பாளர்' என்று கூட்டிவந்தார். அவருக்குப் பூக்களைப் பற்றி ஒன்றும் தெரியாது; ஆனால் தமக்கு இஞ்சி டீதான் வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கூடி வந்தது. இளஞ்சிவப்பு நிறம், மெல்லிய மணம், நாக்கில் லேசான இனிப்பு. தலைவருக்குக் கண் கலங்கியது. கோப்பை வல்லுநரிடமும் சிறப்பு அழைப்பாளரிடமும் போய்க் காலியாகத் திரும்பியது. செயல் பிரிவு அதைக் கழுவ எடுத்துப்போனது.

மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனபோது, அதிகாரியே வெற்றியை விளக்கினார். பொறுமையாகக் கேட்ட டாக்டர், மனைவியின் நாடியைப் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"டீயை விட்டீங்களாம்மா, இல்லையா?"

"அன்னைக்கே விட்டுட்டேன் டாக்டர்."

"அப்புறம் ஏன் முன்னைவிட வேகமா அடிச்சுக்குது?"

"குடிக்கறதைத்தானே விடச் சொன்னீங்க" என்றாள் மனைவி. "போடறதையும் விடணும்னு இவர்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."