நாற்பத்தேழு குத்திய ஐந்து ரூபாய்

பருத்திப்பட்டு, ஆவடி
ஞாயிறு காலை, காபிக்குப் பின்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி வேலுசாமி அவர்களுக்கு,

சுப்பராயன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மங்களமும் சர்க்கரை, பிரஷர் சகிதம் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளை சரணும், எங்கள் பெண் வித்யாவும், காது குத்திய பேரனும், வேப்பம்பட்டுக் கடையும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கூரியரில் கடிதம் எதற்கு என்று பதற வேண்டாம், யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் சொன்னால் தாங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள், நான் உளறிவிடுவேன், அவ்வளவுதான்.

விஷயம் அந்த ஐந்து ரூபாய் நாணயம். காதுகுத்தன்று பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே தாங்கள் என் கையில் கொடுத்தீர்களே, அது. ஒரு பக்கம் ஒழுங்கான 5. சிங்கம் இருக்க வேண்டிய மறுபக்கத்திலும் 5, ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி, பள்ளமாக. "கல்லாவுல வந்துச்சு சம்பந்தி. இந்த மாதிரி காசு அஞ்சு லட்சம் போகும்னு வீடியோல சொல்றான். நீங்க இன்ஸ்பெக்டரா இருந்தவரு, பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க, கடைக்குக் கூலிங் பாக்ஸ் வாங்கிரலாம்" என்றீர்கள். சம்பந்தியம்மாள் அந்தப் பெட்டியை எந்த மூலையில் வைப்பது என்பது வரை சொன்னார்கள். நானும் மோரை மறந்துவிட்டு, "என்கிட்ட விடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

நான் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் தரம் பார்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். பழுதான உருப்படிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்குவதும், நல்லதில் என் எண்ணான 47-ஐக் குத்தி அனுப்புவதும்தான் என் உத்தியோகம். பழுதுக்கு விலை உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் அம்பத்தூரில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் பழைய நாணயம் விற்கும் முகமது ஆசிக் என்ற பிள்ளையைத் தேடிப் போனேன். முதல்முறை போட்டோ மட்டும்தான் கொண்டுபோனேன், நாணயத்தை ஷேர் ஆட்டோவில் எடுத்துப்போகப் பயம். அவன் போனைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், அடிச்ச காசு அச்சுலயே ஒட்டிக்கும். வெளிய உழாது. அடுத்த தகடு வந்துகினே இருக்கும்ல, அதும் மேல இந்தக் காசே அச்சு மாதிரி போய் குத்திடும். அதான் திரும்பி, பள்ளமா கீது" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது சம்பந்தி. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் அச்சோடு ஒட்டிக்கொண்ட உருப்படியை எத்தனை முறை பார்த்திருப்பேன், அதற்காக எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! "அஞ்சு லட்சமா?" என்றேன். "அத்த சொன்னவன் கைல துட்டு கீதான்னு கேளு சார். ஏழாயிரம் போவும், அதுவும் காச நேர்ல பாத்தாதான்" என்றான்.

அதற்குப் பிறகு எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று மங்களம் சொல்கிறாள், ஓரளவு உண்மைதான். ஆசிக் சொல்லித் தந்தபடி, நாணயத்தில் சிங்கத்தை நேராக நிறுத்திப் பக்கவாட்டில் புரட்டினால் பின்பக்க எண்ணும் நேராக நிற்க வேண்டும், சாய்ந்தால் அச்சு திரும்பியிருக்கிறது, அதற்கும் ஒரு விலை. ஓரத்தில் பிறை வடிவத்தில் கடித்ததுபோல் இருந்தால் தகடு வெட்டும்போதே முன்பு வெட்டிய ஓட்டை மேலேயே வெட்டு விழுந்திருக்கிறது, அதற்கும் விலை. இதைக் கேட்டபின் எப்படிச் சும்மா இருப்பது? டீக்கடையில் ஐந்நூறு ரூபாயைச் சில்லறையாக மாற்றி நூறு நாணயங்களையும் சாப்பாட்டு மேசையில் புரட்டினேன். ஒன்றும் தேறவில்லை, எல்லாம் முதல் தரம். வாழ்நாளில் முதல்முறையாக நல்ல உருப்படியைப் பார்த்து வருத்தப்பட்டேன். அப்புறம் பஸ்ஸில் கண்டக்டர் தந்த மீதியை நான் ஒவ்வொன்றாகப் புரட்ட, அவர், "இன்னா பெர்சு, செல்லாத காசா குடுத்துட்டேன்?" என்று கேட்க, நான் அச்சு, தகடு என்று விளக்க, என் ஸ்டாப் போய் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினேன்.

இதற்கிடையில் அந்த பஸ் மீதியிலிருந்து நான் எடுத்துவைத்த இரண்டு சந்தேக நாணயங்களை மங்களம் கொத்தமல்லிக்காரரிடம் கொடுத்துவிட்டாள். கேட்டதற்கு, "காசுன்னா செலவு பண்ணத்தாங்க" என்றாள். தங்கள் நாணயமும் அதே மேசையில்தானே இருக்கிறது! உடனே பரணில் இருந்த எண் குத்தும் பெட்டியை இறக்கினேன், சின்ன சுத்தியலை எடுத்தேன், நல்ல பக்கத்தில், 5-க்குப் பக்கத்திலேயே, 47 என்று குத்தினேன். இரண்டு எண்ணும் ஒரே மட்டத்தில் விழுந்திருந்தன. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஆசிக்கிடம் நாணயத்தைக் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "யார் சார் குத்துனது?" "நான்தாம்பா." "எதுக்கு?" "மாறிடக் கூடாதுல்ல, ஒரு அடையாளத்துக்கு." அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "சார், ஊர்ல இது ஒன்னுதான் இப்டி கீது. இதுக்கு இன்னா சார் அடையாளம்? காசு அடிக்கிற மின்ட்ல ஆன தப்புக்குத்தான் துட்டு. வெளிய வந்தப்புறம் நாம பண்ற தப்புக்கு ஒன்னும் கெடையாது. இப்ப இது வெறும் அஞ்சு ரூவா." பிறகு என் முகத்தைப் பார்த்து, எனக்கு மோர் வாங்கி வர ஜெராக்ஸ் கடைப் பையனை அனுப்பினான். காதுகுத்தில் விட்ட மோர் இப்படி வந்து சேர்ந்தது.

சம்பந்தி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கள் அசல் நாணயத்தைக் கெடுத்தவன் நான். என் பயமெல்லாம் வித்யாவைப் பற்றித்தான். வளைகாப்பில் பாயசத்துக்கு முந்திரி குறைந்ததை இன்னும் அவள் காதில் போடுகிறவர்கள் தங்கள் பக்கத்தில் உண்டு. இதற்கும் அவளை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் என்னால் தாங்க முடியாது. ஆகவே என் சேமிப்பிலிருந்து ஏழாயிரத்துக்குச் செக் வைத்திருக்கிறேன், நாணயத்தையும் வைத்திருக்கிறேன். கூலிங் பாக்ஸுக்கு முன்பணமாகவாவது ஆகட்டும். இந்தக் கடிதத்தை வீட்டில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்கவும். தவறு சுப்பராயனுடையது, அவன் பெண்ணுடையது அல்ல என்று எல்லோரும் கேட்கட்டும்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். பேரனின் காது சீக்கிரம் ஆறட்டும். சிறியவர்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ப. சுப்பராயன்
(ஓய்வு, தர ஆய்வு)

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் ஆசிக் போன் செய்தான். "சார், நீ குத்துன கடுப்புல ஒன்னு பாக்காம உட்டுட்டேன். நல்ல பக்கம் கீற அஞ்சு சப்பையா கீதா பாரு. ரெண்டு காச, பட்டறைல இரும்ப கவ்விப் புடிக்கிற வைஸ்ல வெச்சி நெருக்குனாலும் இப்டியே வரும், ஆனா வெளிப்பக்கம் நசுங்கிடும்" என்றான். லென்ஸை எடுத்து ஜன்னலோரம் போனேன். 5 நசுங்கித்தான் இருக்கிறது. போதாததற்கு, மறுபக்கத்துப் பள்ளத்துக்கு அடியில் ஒரு சிங்கத்தின் காது லேசாகத் தெரிகிறது. அச்சில் ஆன பழுதாக இருந்தால் அங்கே சிங்கமே இருந்திருக்காது. யாரோ வைஸில் நெருக்கிய போலி, சம்பந்தி. வைஸுக்குப் பக்கத்திலேயே முப்பத்து நான்கு வருஷம் நின்றவன் பழுதான பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்து, நல்ல பக்கத்தைப் பார்க்காமல், பாஸ் என்று 47-ஐயும் குத்திவிட்டேன். ஆக, தங்களுக்கு என்னால் ஒரு பைசா நஷ்டமில்லை. இருந்தாலும் செக்கைத் திருப்பி அனுப்ப வேண்டாம், பணத்தை எடுத்துக்கொள்ளவும். அசலைக் கெடுத்தவன் என்று மங்களம் ஏசினால் நான் கேட்டுக்கொள்வேன், போலியைப் பாஸ் பண்ணியவன் என்று மட்டும் அவளுக்கோ வித்யாவுக்கோ தெரியக் கூடாது. மேலே உள்ளதை எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டு இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிடவும். வசதிக்காக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன்.