டெல்லியிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரம்

தொப்பூர் கணவாய் ஓரத்து ஓட்டலில் மாதவராஜ் பரோட்டாவுக்கு மாவு வீசிக்கொண்டிருந்தபோது, அக்கா நிர்மலா கம்பைநல்லூரிலிருந்து போன் செய்தாள். மறுநாள் அவளுடைய நான்கு வயது மகள் தேவிப்பிரியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும்.

"டெல்லி ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கா. நாளைக்குள்ள எப்படி வர்றது?"

"ப்ளைட்ல ரெண்டே முக்கால் மணி நேரந்தானாம். உங்க மாமா போன்ல பாத்துட்டாரு."

டெல்லி வேலை போய் எட்டு மாதமாகிறது. அக்காவிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் குழந்தைக்கு எடுத்த தோட்டை விற்றாவது பணம் அனுப்புவாள்.

"இங்க பனிமூட்டம்க்கா. ப்ளைட் எதுவும் போகல."

"பொய் சொல்லாத. டிவியில பளிச்சுன்னு வெயில் அடிக்குது. நீ வரலைன்னா காதுகுத்தே வேணாம்டா."

"சரி, வர்றேன்" என்றான்.

அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். "ஏர்போர்ட் வந்துட்டியா?"

"உள்ளதான் உக்காந்திருக்கேன்."

மேட்டில் ஏறிய லாரி ஒன்று நீளமாக ஆரன் அடித்தது.

"என்னடா, லாரி சத்தம் கேக்குது?"

"ப்ளைட் ரிவர்ஸ் எடுக்குதுக்கா. பெங்களூர்ல எறங்கி நானே பஸ்ல வந்துடறேன்."

"தாய்மாமன் பஸ்ல வந்து எறங்குனா ஊரு என்ன பேசும்? உங்க மாமா பாப்பாவக் கூட்டிக்கிட்டு பெங்களூர் ஏர்போர்ட்டுக்குக் கார்ல கெளம்பிட்டாரு."

கையில் ஒட்டிய மாவோடு மாதவராஜ் பையைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் பஸ்ஸில் ஏறினான். அக்கா வீடு ஓட்டலிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் டெல்லியிலிருந்து வருவதால் பெங்களூர் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

பெங்களூர் நெரிசலில் பஸ் நின்றபோது, விமானம் இறங்கியிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அக்கா கணவர் அர்ச்சுனன் போன் செய்தார்.

"மாப்ள, எறங்கிட்டியா?"

"எறங்க எடம் இல்லீங்க மாமா. மேலயே சுத்திக்கிட்டு இருக்கோம்."

"சரி மாப்ள. அவசரப்படாத. நின்னதும் எறங்கு" என்றார்.

விமான நிலைய வாசலில் மாதவராஜ் கூட்டத்துக்குள் புகுந்து, உள்ளேயிருந்து வருகிறவன்போலத் திரும்பி நடந்து வந்தான். அர்ச்சுனன் பையை வாங்கிக்கொண்டார். கார் ஓசூரைத் தாண்டியது. யாராவது விமானத்தைப் பற்றிக் கேட்டால் தேவலை என்று மாதவராஜுக்கு இருந்தது.

பின்சீட்டில் அவன் மடியில் ஏறி உட்கார்ந்திருந்த தேவிப்பிரியாவிடம் கேட்டான்: "பாப்பா, மாமா வந்த ப்ளைட்டப் பாத்தியா?"

"போ மாமா. டோல்கேட்ல உன் பஸ்ஸு பக்கத்துலதான் எங்க காரு நின்னுச்சு. நான் கூப்புடப் போனேன். மாமா இப்ப டெல்லியில இருக்காரு, கூப்புடக் கூடாதுன்னு அப்பாதான் கண்ணாடிய ஏத்திவுட்டுட்டாரு."