பூனைக்கும் என் மூச்சுக்கும் சம்பந்தமில்லை

அன்பும் பயமும் (பயம் கொஞ்சம் தூக்கலாக) கலந்து சித்தப்பாவுக்கு உங்கள் அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், பூனை நால்வரும் நலம். பூனை நாளைக் காலை ஏழு மணி வரைக்கும்தான் நலம். அதன் பிறகு அதன் நலம் உங்கள் கையில் இருக்கிறது. மூன்றாம் மாடியில் உங்கள் நலம் எப்படி என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

இதைக் குளியலறையில், கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்குப் போட்டால் சுவிட்ச் சத்தத்துக்கே அம்மா எழுந்துவிடுவாள். அதனால் நீங்கள் வாங்கிக் கொடுத்த கேம் மிஷினைத் திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். பேட்டரியில் இரண்டு கோடுதான் பாக்கி. ராத்திரி வேலை முடிந்து ரொட்டிக் கம்பெனியிலிருந்து நீங்கள் ஆறு மணிக்கு வருவீர்கள். பால் வாங்கப் போகிற சாக்கில் அதற்கு முன்பே இதை உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். படித்ததும் சட்டைகூட மாற்றாமல் கீழே வரவும்.

மிஷின் வாங்கிய அன்று நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. கடைக்காரர் "பையனுக்கா சார்?" என்று கேட்டார். நீங்கள் என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று "எனக்குத்தான்" என்றீர்கள். அவர் உங்கள் நரைத்த மீசையை ஒருமுறை பார்த்தார். நீங்கள் மிஷினோடு வந்த குச்சியால் திரையைக் குத்திய குத்தில் "மெதுவா சார், ஊசியா போடுறீங்க?" என்றும் கேட்டார். நக அளவு அட்டை ஒன்றில் ஒரு கடலும் ஒரு கப்பலும் இருக்கிறது என்று சொல்லி அதையும் நம் தலையில் கட்டினார். வரும் வழியில் நீங்கள், "பரீட்சை முடியிற வரைக்கும் அண்ணிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா உன்னை விட்டுடுவாங்க, என்னைத்தான் தோலை உரிப்பாங்க" என்றீர்கள். அதனால்தான் சார்ஜர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கணக்கில் சந்தேகம் என்று சொல்லிச் சொல்லி நான் மாடி ஏறுவதைப் பார்த்து, "பொண்ணு கணக்குல புலியாயிடுவா" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். புலி எங்கே சித்தப்பா, பூனைக்கே வழியில்லாமல் போய்விட்டது.

எல்லாம் அந்தக் கப்பல் விளையாட்டால் வந்தது. குச்சியால் வழி வரைந்தால் மட்டும் அது போகாது. மிஷினில் இருக்கிற சின்ன ஓட்டையில் நாம் ஊத வேண்டும், அப்போதுதான் பாய் விரியும். நான் போர்வைக்குள் தினம் ஒரு மணி நேரம் புஸ் புஸ் என்று ஊதினேன். மூன்றாவது கட்டத்தில் ஒரு திமிங்கிலம் வரும், அதைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டால்தான் வழி விடும். "வா! வா!" என்று கூப்பிட்டேன். அடுத்த நிமிடம் அம்மா கதவருகே நின்றாள். "யாரைடி கூப்பிடுற?" வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஆபீசரை." சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதால் நம் பூனைக்கு நீங்கள் வைத்த பெயர்தானே அது! அந்த ஒரு வார்த்தைதான் அதன் தலையில் விடிந்தது. ராத்திரி கேட்கிற புஸ் புஸ்ஸையும் இதையும் சேர்த்து, பூனை என் படுக்கையில் தூங்குகிறது, அதன் முடி என் நெஞ்சுக்குள் போய்விட்டது, ராத்திரியெல்லாம் எனக்கு இழுக்கிறது என்று அம்மா முடிச்சுப் போட்டுவிட்டாள். ஆவி பிடித்தேன், கசப்பு மருந்து குடித்தேன், உண்மையை மட்டும் சொல்லவில்லை. இன்று டாக்டரிடம் போனோம். ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். ஒரு மாதப் பழக்கம், விடுவேனா? சிவப்பு முள் கடைசி எண்ணில் போய் இடித்து நின்றது. குழாய் கெட்டுவிட்டதோ என்று டாக்டர் தானே ஊதிப் பார்த்தார், பாதிதான் போயிற்று. "இது நெஞ்சா, கொல்லன் துருத்தியா? பகல்ல ஒரு குறையும் இல்ல. ராத்திரி மட்டும்னா வீட்லதான் ஏதோ இருக்கு. பூனை வளர்க்கிறீங்களா?" என்றார். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "இருக்கு டாக்டர்! நான்தான் அன்னைக்கே சொன்னேனே!"

காலை ஏழு மணிக்கு ஆபீசரை அப்பாவின் கிடங்கில் விடப் போகிறார்கள். அங்கே எலிகள் அதைவிடப் பெரிசாம். அப்பா அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டார். நான்கு போதும், இருபது போட்டார். "மூச்சு முட்டக் கூடாதில்ல" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆபீசர் அந்தப் பெட்டிக்குள்ளேயே சுகமாகத் தூங்குகிறது. அதைப் பார்க்கவே முடியவில்லை சித்தப்பா. நான் சொன்னால் அழுதுவிடுவேன், பாதியில் பொய்யும் கலந்துவிடும். நீங்கள் வந்து சொல்லுங்கள். மிஷின் போனாலும் போகட்டும்.

உங்கள் ரொட்டிகள் கருகாமல் வேக வேண்டும் என்றும், அம்மாவின் கோபத்தில் உங்கள் மீசையாவது தப்ப வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டு வணங்கும்,
உங்கள் மகள் மாதிரி.

பி.கு. 1: சித்தப்பா, மாட்டிக்கொண்டேன். "இவ்வளவு நேரம் உள்ளே என்ன பண்ற?" என்று அம்மா கதவைத் தட்டினாள். கடிதம் முழுவதையும் நின்றுகொண்டே படித்தாள். திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "எங்கே, அந்தக் கப்பலைக் காட்டு" என்றாள். ஒரு வாரமாக என்னால் தாண்ட முடியாத பதினோராவது கட்டம். அம்மா வாங்கி ஒரே ஊது ஊதினாள், கப்பல் கரையில் நின்றது. "பன்னெண்டு வருஷமா உன்னை வளர்த்து விட்ட பெருமூச்சுடி இது" என்றாள். தீர்ப்பு: பூனை இருக்கும். மிஷின் பரீட்சை முடியும் வரை அவள் அலமாரியில் இருக்கும். "உங்க சித்தப்பனை ஏழு மணிக்கு வரச் சொல்லு, பேசிக்கிறேன்" என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

பி.கு. 2: வர வேண்டாம். மணி இரண்டு. அம்மா அறையிலிருந்து புஸ் புஸ் என்று கேட்கிறது. "என்னம்மா, உனக்கும் இழுக்குதா? பூனைதான் இங்கே இல்லையே?" என்று அப்பா தூக்கத்தில் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து "வா! வா!" என்று ஒரு குரல். என் காலடியில் படுத்திருந்த ஆபீசர் எழுந்து அந்த அறைக்குப் போய்விட்டது. இப்போது அம்மா என் கதவருகே வந்து, அப்பாவுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டுவிட்டுப் போகிறாள்: "மாடியிலேருந்து அந்தச் சார்ஜரை எப்போடி எடுத்துட்டு வருவே?"