மில்லிங் மெஷினும் மாப்பிள்ளை கட்டிய பெட்டியும்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்பளவில் எல்லாரும் நலம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள், அதாவது உங்கள் மருமகள், எழுதுகிறாள். எழுத்தில் பிழை இருந்தால் அது அவளுடையது. விஷயத்தில் பிழை இருக்காது, எனக்கு எதுவும் மறப்பதில்லை.

விஷயம் இதுதான். உங்கள் மகன் பெட்டி கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குச் சீட்டும் எடுத்துவிட்டார். என் மகளையும் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறாராம். வந்தால் தண்ணீர் கொடுங்கள், இடம் கொடுக்காதீர்கள்.

பட்டறையில் இரும்புத் தகடு வெட்டும் மில்லிங் மெஷினை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு மறுவாரம் வந்தபோது அதன்மேல் குடையை வைத்துவிட்டு மறந்து போனீர்கள். கறுப்புக் குடை, ஒரு கம்பி வளைந்தது. முப்பத்தொரு வருஷமாக நான் கைப்பிடியைச் சுற்றித்தான் அதன் மேஜை நகர்ந்தது. இப்போது கைப்பிடிகளைக் கழற்றி மூன்று சர்வோ மோட்டார் மாட்டி, கம்ப்யூட்டர் சொல்கிறபடி நகர வைக்கப் போகிறார்கள். எனக்குச் சந்தோஷம், என் தோள்பட்டைக்கு அதைவிடச் சந்தோஷம். தகராறெல்லாம் அந்த மோட்டாரை எப்படி ஏவுவது என்பதில்தான்.

என் மகன் முறையில், மேஜை எத்தனை சின்ன எட்டு வைக்கவேண்டும் என்று எண்ணி, கம்ப்யூட்டர் அத்தனை மின்துடிப்பு அனுப்பும். போய்ச் சேர்ந்தோமா என்று பார்ப்பது மோட்டாரோடு வந்த, அதை ஓட்டுகிற டிரைவ் பெட்டியின் பொறுப்பு. மாப்பிள்ளை முறையில், கம்ப்யூட்டர் வேகத்தை மட்டும் சொல்லும். மேஜை எங்கே வந்திருக்கிறது என்று தானே விடாமல் பார்த்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். மோட்டார் விற்றவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார், எவ்வளவு அழுத்தித் தள்ளவேண்டும் என்று மட்டும் சொல்வது. நான் என் வழியில் புரிந்துகொண்டேன். முதலாவது, நான் கடைக்கு ஆளனுப்புகிற மாதிரி. சோப்பு வாங்கி வா என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துவிடுவேன். இரண்டாவது, காலஞ்சென்ற என் மனைவி மாதிரி. மெதுவா, இன்னும் மெதுவா, போதும் நில்லுங்க என்று கூடவே வருவாள். மூன்றாவது என் அண்ணன். பீரோ நகர்த்தக் கூப்பிட்டால் தள்ளுவதோடு சரி, சுவர் வந்தால் சுவரையும் தள்ளுவார். அதனால் மூன்றாவதை விட்டுவிட்டோம்.

பத்து நாளாகக் காலையில் மகன் தன் முறைக்கு மாற்றி வைப்பான், அவன் சாப்பிட்டு வருவதற்குள் மாப்பிள்ளை தன் முறைக்கு மாற்றியிருப்பார். செவ்வாய்க்கிழமை மகன் ஓட்டிக் காட்டினான். திரையில் இருநூறு மில்லிமீட்டர் போய்விட்டதாம், பெருமையாகத் திரும்பினான். எனக்குத் திரையைப் படிக்கத் தெரியாததால் மேஜையைப் பார்த்தேன். அது வைத்த இடத்திலேயே இருந்தது. மோட்டாரையும் மேஜைத் திருகையும் சேர்க்கிற கப்ளிங்கில் போல்ட்டை இறுக்கவில்லை, மோட்டார் மட்டும் சும்மா சுற்றியிருக்கிறது.

"மச்சான், உங்க முறையில மெஷின் தேயவே தேயாது. நகர்ந்தாத்தானே தேயும்" என்றார் மாப்பிள்ளை.

புதன்கிழமை போல்ட்டை இறுக்கிவிட்டு அவர் தன் முறையை ஓட்டிக் காட்டினார். வயர் வேலையெல்லாம் மகள்தான் பார்ப்பாள். அவள் வரும்வரை பொறுக்காமல் இவரே இணைத்தார், இரண்டு வயரை இடம் மாற்றி. மேஜை வலப்பக்கம் போகப்போக இடப்பக்கம் போவதாகக் கம்ப்யூட்டருக்குத் தகவல் போக, அது இன்னும் விரட்ட, மேஜை தலைதெறிக்க ஓடி, கடைசியில் போய் முட்டி, பக்கத்தில் இருந்த என் ஸ்டூலைச் சாய்த்துவிட்டது. நல்லவேளை ஸ்டூலில் நான் இல்லை, என் டீதான் இருந்தது.

"மாப்பிள்ளை, ரோட்டுல ஓட்ட லைசன்ஸ் எடுத்தாச்சா?" என்றான் என் மகன்.

அன்று மதியம் சாப்பிடும்போதுதான் வெடித்தது. "அப்பாவே என் முறைதான் சரின்னு சொல்லிட்டாரு" என்றான் மகன். "மாமா எங்கிட்டயும் அதையேதான் சொன்னாரு" என்றார் மாப்பிள்ளை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, சம்பந்தி. மகனிடம் சொன்னது போன வெள்ளிக்கிழமை, பட்டறைக் குழாயில் கை கழுவும்போது. மாப்பிள்ளையிடம் சொன்னது சனிக்கிழமை, அவர் என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தபோது. இரண்டு தடவையும் மனசாரத்தான் சொன்னேன்.

"ஏன் மாமா, ஒரே வீட்டுல ரெண்டு தீர்ப்பா?" என்று கையை உதறிக்கொண்டு எழுந்தவர்தான், நேரே போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கிவிட்டார்.

திங்கட்கிழமை பம்ப் கம்பெனி மேற்பார்வையாளர் வருகிறார், இந்த மெஷினில் வெட்டிய மாதிரித் தகடு ஒன்றைப் பார்க்க. தகடு இல்லையென்றால் அந்த வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். மாப்பிள்ளையும் மகளும் போய்விட்டால் நானும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவது? சண்டை போட ஆளில்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது, அதைப் பார்த்துக்கொண்டு எனக்கும் இறங்காது. ஆகவே நீங்கள் எப்படியாவது சனிக்கிழமைக்குள் வந்து எந்த முறை சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் எடுபடும். நீங்கள் இன்னும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி முழுதாகத் தீரவேண்டும், உங்கள் வீட்டில் எல்லாரும் நிறைவாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, இதோ இடது பெருவிரலை அழுத்தி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மாமா, இது நான். அப்பா நேற்றுச் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதிவிட்டேன். ஆனால் நீங்கள் வரவேண்டாம். இன்று காலை இவர்கள் பட்டறைக்கு வருவதற்குள் நான் போய், வயரையெல்லாம் சரிபார்த்து, கப்ளிங்கை இறுக்கி, இரண்டு முறையில் ஒன்றை வைத்து, டிரைவ் இருக்கும் அலமாரியைப் பூட்டிவிட்டேன். அண்ணன் ஒரு தகடு வெட்டினான், அளவு அச்சு அசலாக வந்தது. "பார்த்தியா, என் முறை" என்றான். இவர் ஒன்று வெட்டினார், அதே அளவு. "மச்சானே மனசு மாறி என் முறைக்கு மாத்திட்டாரு, காட்டிக்க வேண்டாம், பாவம்" என்று என் காதில் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து பட்டறைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். மேற்பார்வையாளருக்கான தகட்டை இப்போது இருவரும் சேர்ந்து வெட்டுகிறார்கள். கடிதம் போடும் முன்னாலேயே வேலை செய்துவிட்டது என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். போடாமல் இருந்தால் அவர் விடமாட்டார், அதனால்தான் இதைத் தபாலில் சேர்க்கிறேன். நீங்கள் வந்தால், வந்தவர் கேட்கிற மாதிரி, "எந்த முறையில ஓடுது?" என்று கேட்பீர்கள். அதை மட்டும் இந்த வீட்டில் யாரும் கேட்டுவிடக் கூடாது, மாமா.