ஆறாவது தட்டின் நிறம்

ஒரு காட்டில், மழை அதிகம் எட்டாத கிழக்குச் சரிவில், கண்டகநாதர் என்ற முள்ளம்பன்றி வாழ்ந்துவந்தார். முள்ளம்பன்றிக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று கேட்கக் கூடாது. எழுநூற்றுப் பன்னிரண்டு பழைய இசைத்தட்டுகளை உறையோடு வைத்திருப்பவரை 'அது' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தக் காட்டில் இசைத்தட்டு சேர்க்க முயன்றவர்கள் பலர். கரடி சேர்த்தது, ஒரு நாள் பார்க்காமல் மேலே உட்கார்ந்துவிட்டது. குரங்கு சேர்த்தது, எது அதிக தூரம் பறக்கும் என்று எறிந்து பார்த்தது. முள்ளம்பன்றிகளுக்குத்தான் அது சரியாக அமைந்தது. கிராமபோனில் இரும்பு ஊசி போட்டால் தட்டு தேயும். முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவி, நுனியைச் சீவிப் போட்டால் அவ்வளவாகத் தேயாது. கண்டகநாதரின் முதுகில் வலப்பக்கம் ஏறக்குறைய வழுக்கையாகிவிட்டது. அவருடைய ரசனையின் ஆழத்தைக் காடு அதை வைத்தே அளந்தது.

எழுநூற்றுப் பன்னிரண்டில் எழுநூற்று ஏழு தட்டுகள் அவருக்குப் பெருமை. மீதி ஐந்து வேதனை. அவை 'குங்குமவல்லி' என்ற நாடகத்தின் தட்டுகள். மொத்தம் ஆறு தட்டு, பன்னிரண்டு பக்கம். ஐந்தாவது தட்டின் கடைசியில் ராணி குங்குமவல்லி கொலைக்களத்தில் நிற்பாள். "வெட்டட்டுமா மகாராஜா?" என்று காவலன் கேட்பான். மகாராஜா தொண்டையைச் செருமுவார். அதோடு தட்டு தீர்ந்துவிடும். முப்பது வருஷமாக அந்த மகாராஜா தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். கண்டகநாதரின் மகன் கருவேலன் அந்தச் செருமலைக் கேட்டே வளர்ந்தவன். ராணி பிழைத்தாளா இல்லையா என்று தெரியாமல் அவனுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கியதில்லை.

ஆறாவது தட்டு எங்கே இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மேற்குச் சரிவில் ஈட்டியப்பர் என்ற இன்னொரு முள்ளம்பன்றியிடம் இருந்தது. அவரிடம் அந்த ஒன்று மட்டும்தான். அதில் எடுத்த எடுப்பில் ஒரு குரல் "இதோ இருக்கிறது! மகாராஜாவின் தலைப்பாகைக்குள்!" என்று கத்தும். எல்லோரும் அழுவார்கள். மகாராஜா யாரிடமோ மன்னிப்புக் கேட்பார். மங்களம் பாடுவார்கள். கடைசியில் ராணியாகப் பாடிய அம்மாள், அந்தக் கால வழக்கப்படி, தன் பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்வார். ஈட்டியப்பரின் மகள் ஊசிமல்லி சிறுவயதில், பேரும் ஊரும் தெளிவாகச் சொன்னதால்தான் விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்திருந்தாள். வளர்ந்த பிறகு, தலைப்பாகைக்குள் இருந்தது என்ன என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது.

கண்டகநாதர் ஆறாவதுக்கு மாற்றாக இருபது தட்டு தருவதாகச் சொல்லி அனுப்பினார். பிறகு ஐம்பது என்றார். "அந்த அஞ்சையும் அவர் இங்கே அனுப்பட்டும்" என்று பதில் வந்தது. பதினோரு வருஷம் இப்படியே போனது.

கடைசியில் கல்யாணத் தரகர் உடும்பு ஒரு வழி சொன்னார்.

"அவருக்குப் பொண்ணு. உங்களுக்குப் பையன். தட்டுன்னு கேட்டா தரமாட்டார். சீர்னு கேட்டா?"

கண்டகநாதர் அன்றைக்கே நல்ல நாள் பார்த்தார்.

பெண் பார்க்கும் சடங்கு சிறப்பாக நடந்தது. ஊசிமல்லி கிழங்கும் பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். கண்டகநாதர் நிமிரவில்லை. அவர் கையில் ஆறாவது தட்டு இருந்தது. விரல் படாமல் இரு உள்ளங்கைகளாலும் விளிம்பைப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மெல்ல ஊதினார்.

"கீறல் இல்லை. விளிம்பு உடையலை. நல்ல குடும்பம்."

"பொண்ணு இந்தப் பக்கம் நிக்குது, அண்ணா" என்றார் ஈட்டியப்பரின் மனைவி தாழையம்மாள்.

"பார்த்தேன் பார்த்தேன்" என்றார் கண்டகநாதர், தட்டைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தபடி.

ஜாதகம் வேண்டாம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. தட்டின் எண்களைப் பொருத்திப் பார்த்தார்கள். இங்கே அறுபத்தொன்று முதல் அறுபத்தைந்து, அங்கே அறுபத்தாறு. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

"ஒரு தடவை போட்டுக் கேட்கலாமா?" என்றார் கண்டகநாதர்.

"தாலி ஏறாம ஊசி ஏறாது" என்றார் ஈட்டியப்பர்.

திரும்பி வரும் வழியில் உடும்பு கருவேலனிடம், பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். "அவளுக்கு முடிவு தெரியும்" என்றான் அவன். அங்கே வீட்டில் தாழையம்மாள் மகளிடம் அதையே கேட்டார். "அவருக்கு ஆரம்பம் தெரியும்மா" என்றாள் ஊசிமல்லி. இதைவிடக் குறைந்த காரணத்துக்கு நடந்த கல்யாணங்கள் எத்தனையோ.

முகூர்த்தம் காலை ஒன்பதரை. முள்ளம்பன்றிகளுக்கு அது தூங்கும் நேரம் என்பதால் உறவினர்கள் ஒருவர் முள் ஒருவர் மேல் படாமல் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதன்மேல், கண்டகநாதர் முப்பது வருஷம் காத்திருந்தபடி, ஆறு தட்டுகளும் முதல் முறையாக வரிசையாக இருந்தன. கண்டகநாதர் மாலை போட்டது மணமக்களுக்கு அல்ல, பலகைக்கு என்று பின்னால் பேச்சு வந்தது. அது உண்மையல்ல, சந்தனம் மட்டும்தான் வைத்தார்.

கருவேலன் தாலியைக் கையில் எடுத்தான். அப்போது பந்தல் கம்பில் உட்கார்ந்திருந்த கிளி, சாப்பாடு தாமதமாவதால் பொழுது போகாமல், கேட்டது:

"செட்டுன்னு சொன்னீங்க. அஞ்சு தட்டுல நடுவுல ஒட்டியிருக்கிற காகிதம் என் உடம்பு நிறத்துல இருக்கு. ஒண்ணு மட்டும் என் மூக்கு நிறத்துல இருக்கே?"

மேளம் நின்றது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. பச்சை லேபிள் என்றால் முதல் அச்சு. சிவப்பு லேபிள் என்றால் சில வருஷம் கழித்து அதே பாட்டை அதே எண்ணில் மறுபடி அச்சிட்டது. பாட்டு ஒன்றுதான், குரல் ஒன்றுதான், செருமல்கூட ஒன்றுதான். ஆனால் சேகரிப்பவர்களுக்கு அது பாலுக்கும் சுண்ணாம்புத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம். இன்னொரு விளக்கமும் தேவை. அந்தக் காட்டு முள்ளம்பன்றிகளின் கண்ணுக்குப் பச்சையும் சிவப்பும் ஒரே மங்கலான நிறமாகத்தான் தெரியும்.

"நிறுத்துங்க" என்றார் கண்டகநாதர். "இது மறு அச்சு!"

"சம்பந்தி, தட்டுல ஒரு கீறல் உண்டா சொல்லுங்க" என்றார் ஈட்டியப்பர்.

"கீறல் இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன். நிறம் மாறலாமா?"

"உங்க கண்ணுக்கு மாறித் தெரியுதா, மாமா?" என்று மணப்பெண்ணே கேட்டாள்.

"தெரியலை. ஆனா மாறியிருக்கே!"

"பார்க்க முடியாத நிறத்துக்கா கல்யாணத்தை நிறுத்தறீங்க?"

"பார்க்க முடிஞ்சிருந்தா கொஞ்ச நாள்ல பழகிப்போயிடும்மா. பார்க்கவும் முடியாதுன்னா, ராத்திரி பகல் அதையேதானே நினைச்சுக்கிட்டிருப்பேன்?"

சேகரிப்பு பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றில் இதுவே தெளிவானது என்று நான் கருதுகிறேன்.

"என் பொண்ணு நிறம் குறைச்சல்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன்" என்று தாழையம்மாள் முள்ளைச் சிலிர்த்தார். முன்வரிசை காலியானது.

கூச்சலுக்கு நடுவில் கருவேலனும் ஊசிமல்லியும் பந்தலின் பின்பக்கம் போனார்கள்.

"அவளை வெட்டினாங்களா?" என்றான் அவன், மூச்சை அடக்கி.

"நீங்க முதல்ல சொல்லுங்க. தலைப்பாகைக்குள்ள இருந்தது என்ன?"

அவன் ஐந்து தட்டையும் பாட்டோடு சொன்னான். மகாராஜாவின் மோதிரம் காணாமல் போகிறது. ராணிமேல் சந்தேகம். சிறை, புலம்பல், கொலைக்களம். அவள் ஆறாவதைச் சொன்னாள். மொத்தம் இருபது நிமிஷம் ஆனது.

"அப்போ மோதிரம் அவர் தலைமேலேயே இருந்திருக்கு" என்றான் கருவேலன்.

"ஆமா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்புறம் மங்களம். அப்புறம் பேர் சொல்லுவா."

இருவரும் கொஞ்ச நேரம் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்புறம்? வேற?" என்றான் அவன்.

"வேற ஒண்ணும் இல்லை" என்றாள் அவள்.

உண்மையிலேயே வேறு ஒன்றும் இருக்கவில்லை. அவள் மாலையைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். பிற்பாடு இருவருக்கும் வேறு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நன்றாக இருக்கிறார்களாம், ஆகவே அவர்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

தகப்பன்மார்களின் கதைதான் வேறு மாதிரி போனது.

முதலில் கண்டகநாதர் திட்டிக் கடிதம் எழுதினார். ஈட்டியப்பர் அதைவிட நீளமாகப் பதில் எழுதினார். எழுத்தில் திட்டி மாளவில்லை என்று நேரிலேயே போக ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் கண்டகநாதர் வைக்கோல் திணித்த பெட்டியில் ஐந்தையும் சுமந்து மலையைத் தாண்டுவார். கிளியை அழைத்து ஆறையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். "அஞ்சு பச்சை, ஒண்ணு சிவப்பு" என்று அது சொல்லும். இருவரும் பெருமூச்சு விடுவார்கள். பிறகு பச்சை ஆறாவதைத் தேடி, மனிதர்கள் காலி செய்த வீடுகளுக்கும் பாழடைந்த எஸ்டேட்டுக்கும் சேர்ந்தே போவார்கள். வழியெல்லாம் பேச்சு. ஒருவர் முதுகில் ஒருவர் முள் உருவிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம் வந்துவிட்டது.

"கல்யாணம் நின்னுபோச்சு. சம்பந்தம் மட்டும் நிக்கமாட்டேங்குது" என்றார் தாழையம்மாள், வழக்கமான இரண்டாவது இலையைப் போட்டபடி.

நான்காவது வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை உடும்பு மூச்சிரைக்க வந்தார்.

"சம்பந்திங்க ரெண்டு பேரும் உட்காருங்க. கிடைச்சிருச்சு."

எண் அறுபத்தாறு. கீறல் இல்லை. கிளி குனிந்து பார்த்தது.

"என் உடம்பு நிறம். சுத்தப் பச்சை."

ஈட்டியப்பர் தன் பழைய தட்டை எடுத்துத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்திருந்தது.

"அப்போ அடுத்த செவ்வாய்க்கிழமை..." என்று தொடங்கினார்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை எதுக்கு வரணும்? செட்டு முடிஞ்சுபோச்சே" என்றார் கண்டகநாதர். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

ஈட்டியப்பர் எழுந்து உள்ளே போனார். ஒரு கொய்யாப்பழத்தோடு வந்து கிளியின் முன்னால் வைத்தார்.

"நல்லா பாரு, தம்பி."

கிளி கொத்திக்கொண்டே பார்த்தது. "பச்சைதான்."

கண்டகநாதர் இன்னொரு பழத்தை வைத்தார். "நிதானமாப் பாரு. அவசரம் இல்லை."

"நிழல்ல பார்த்தா கொஞ்சம்..." என்றது கிளி.

மூன்றாவது பழம் வந்தது.

"சிவப்பு" என்றது கிளி. "நல்ல சிவப்பு. இதை எவன் பச்சைன்னு சொன்னது?"

"நான் பார்த்த உடனே நினைச்சேன்" என்றார் ஈட்டியப்பர்.

"மறு அச்சு. கொண்டுபோங்க" என்று கண்டகநாதர் தட்டை உடும்பிடம் நீட்டினார். உடும்பு ஒன்றும் புரியாமல் அதைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் வளைவு திரும்புவதற்குள், வடக்கே பூட்டிக் கிடக்கும் பழைய பங்களாவுக்கு அடுத்த வாரம் எந்த வழியாகப் போவது என்று இருவரும் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

நீதி: நெடுநாளாகத் தேடிய பொருள் கிடைத்துத் தொலைக்கும்போல் இருந்தால், பதற வேண்டாம், கையில் மூன்று கொய்யாப்பழம் இருக்கட்டும்.